ஜப்பான் வாரமா? வேஷத்தை விடுங்கள், சோற்றுருண்டை பிடிக்கச் சொல்லுங்கள்

சென்னையை ஒட்டிய தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து, தனியார் பள்ளியில் 4ஆம் வகுப்பு ஆசிரியையாக இருக்கும் வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சுருக்கம் இது.

ஜூலையில் அவருடைய வகுப்பு ‘ஜப்பான் வாரம்’ நடத்த வேண்டும். 34 பிள்ளைகள், எட்டு ஒன்பது வயது. ஐந்து நாள், நாளுக்கு 40 நிமிடம், செலவுக்கு 3,000 ரூபாய். அவர் போட்டிருக்கும் திட்டம்: முதல் நாள் வரைபடம், கொடி, தேசிய கீதம், ‘ஜப்பானில் 4ஆம் வகுப்பு வரை தேர்வே கிடையாது’ என்பது போன்ற ஸ்லைடுகள். இரண்டாம் நாள் நைட்டியும் துப்பட்டாவும் வைத்து, கிமோனோ என்ற ஜப்பானிய மரபு உடையில் வேஷப் போட்டி. மூன்றாம் நாள் சுஷி. நான்காம் நாள் கராத்தே, சாப்ஸ்டிக் பந்தயம். ஐந்தாம் நாள் தெர்மகோலில் ஜப்பானின் ஷின்டோ மதக் கோயில் வாசல் செய்து, ஆசைகளை எழுதிக் கட்டி, பிறகு ஜப்பான் பாணியில் பள்ளியைச் சுத்தம் செய்வது.

அவருடைய கவலைகள் பல. வகுப்பில் பாதிப் பேர் சைவம். ஒரு பிள்ளையின் அம்மா ஜப்பானியர். அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, மகளை மேடையில் ஜப்பானிய மொழி பேசவைக்கலாமா என்று கேட்கிறார். கோயில் வாசல் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு தந்தை, ‘என் பிள்ளையை வேறு மதத்தில் சேர்க்கப் பார்க்கிறீர்களா?’ என்று டைரியில் எழுதி அனுப்பிவிட்டார். போன வருட சீனா வாரத்தில் சில பையன்கள் கண்ணை இழுத்துக் காட்டிச் சிரித்ததில், மணிப்பூரிலிருந்து வந்து படிக்கும் சிறுமி இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை. பிரின்சிபாலுக்கோ ஃபேஸ்புக்கில் போடப் படம் வேண்டும்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் ஒரு சுற்றுலாப் பயணி ஜப்பானில் பார்ப்பவை. உங்கள் பிள்ளைகள் வயதில் ஜப்பானில் இருக்கும் ஒரு பிள்ளை தினமும் என்ன செய்கிறது என்பது அதில் கடைசி நாளின் கடைசி வேலையாகத்தான் வருகிறது. அதைத் தலைகீழாக்குங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடியும் கீதமும் மறந்துபோகும். கை செய்தது நிற்கும். ‘நானும் சோறு சாப்பிடுகிறேன், அவனும் சாப்பிடுகிறான், அவன் ஏன் இப்படிப் பிடிக்கிறான்?’ என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் உங்கள் வாரம் வீண்போகவில்லை.

முதல் நாள் ஸ்லைடு போடாமல், ‘தமிழில் பேசும் ஜப்பான் கார்ட்டூன்களில் என்னென்ன சாப்பாடு, என்னென்ன பண்டிகை பார்த்தீர்கள்?’ என்று கேளுங்கள். முக்கோணச் சோற்றுருண்டை, மூங்கிலில் தொங்கும் காகிதத் துண்டுகள், மீன் வடிவக் கொடி எல்லாம் அவர்கள் வாயிலிருந்தே வரும். தேர்வே இல்லை என்ற ஸ்லைடை நீக்கிவிடுங்கள். அது வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை. அங்கே தொடக்கப் பள்ளியிலேயே பாடம் முடிந்தால் சிறு தேர்வு உண்டு, எழுத்துத் தேர்வும் உண்டு. ஆறு ஆண்டுகளில், காஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துகள் 1,026 கற்க வேண்டும். அதில் 4ஆம் வகுப்புக்கு மட்டும் 202.

கராத்தே வேண்டாம், பயிற்சி பெற்றவர் இல்லாமல் அது கையை வீசுவதாகத்தான் முடியும். பதிலாக தினமும் பாடவேளையை ரேடியோ தைசோவோடு தொடங்குங்கள். 1928இல் வானொலியில் தொடங்கிய உடற்பயிற்சி இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நின்று, 1951இல் இப்போதுள்ள வடிவில் திரும்பி வந்தது. முதல் தொகுப்பில் 13 அசைவுகள், பியானோ இசையோடு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். கோடை விடுமுறையில் பிள்ளைகள் காலை ஆறரை மணிக்குப் பூங்காவில் கூடி இதைச் செய்து, அட்டையில் முத்திரை வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. நீங்களும் ஒரு அட்டையும் ரப்பர் ஸ்டாம்பும் வைத்துக்கொண்டால் போதும். ஐந்து நாளில் அசைவுகள் மனப்பாடமாகிவிடும்.

சோற்றுருண்டை: அளவும் ஆபத்தும்

சுஷி என்றாலே பச்சை மீன் என்று நினைத்துத்தான் பயந்திருக்கிறீர்கள். சுஷிக்கு அடிப்படை வினிகர் கலந்த சோறு. வெள்ளரிக்காய் மட்டும் வைத்துச் சுருட்டும் சுஷியும் உண்டு. ஆனாலும் 34 பிள்ளைகளை வைத்துக்கொண்டு சுருட்டுவது சிரமம். பாய் வேண்டும், கத்தி வேண்டும், வெட்டும்போது பிரிந்துபோகும். ஜப்பானியப் பிள்ளை பிக்னிக்குக்குக் கொண்டுபோவது ஒனிகிரி என்ற சோற்றுருண்டை. அதைப் பிடியுங்கள். கையால் சாப்பிடுவது என்பதால் சாப்ஸ்டிக் பந்தயமும் தானாகக் கழன்றுவிடும்.

தோற்பது பெரும்பாலும் அரிசியில். பொன்னிப் புழுங்கலரிசி ஒட்டவே ஒட்டாது. ஜப்பானிய அரிசி குட்டையானது, அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைவு, அதனால் ஒட்டும். சென்னையில் ஜப்பானிய, கொரிய மளிகைக் கடைகளில் கிடைக்கும். ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 2.2 கிலோ சோறு வரும். ஆளுக்கு 60 கிராம் என்று 34 பேருக்குப் போக உங்களுக்கும் ஒன்று மிஞ்சும். நான்கைந்து தண்ணீரில் களைந்து, அரை மணி ஊறவைத்து வடிகட்டி, ஒரு பங்கு அரிசிக்கு 1.2 பங்கு தண்ணீர் வைத்து வேகவிடுங்கள். அடுப்பை அணைத்தபின் கால் மணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் மேல் சோறு விறைத்து, அடிச்சோறு குழைந்துவிடும்.

அந்த அரிசி கிடைக்கவில்லையா, பச்சரிசியை 1க்கு 2.5 பங்கு தண்ணீரில் வடிக்காமல் குழைய விட்டு, சூட்டோடு கரண்டியின் முதுகால் லேசாக மசியுங்கள். சூடாக இருக்கும்வரை பிடிபடும், ஆறினால் உதிரும். பிடித்த கையோடு சாப்பிடவைத்தால் பிரச்சினை இல்லை. ‘அங்கே வேறு அரிசி, நாம் இதை வைத்துச் சமாளிக்கிறோம்’ என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு கிலோ அரிசியின் சோற்றுக்கு இரண்டு டீஸ்பூன் உப்பைப் பரவலாகக் கலந்துகொள்ளுங்கள். ஆவி அடங்கி, கை பொறுக்கும் சூடு வந்ததும் ஆளுக்கு ஒரு வாட்டிய வாழையிலைத் துண்டில் ஒரு சிறு கிண்ணம் சோறு வையுங்கள். (ஜப்பானில் மூங்கில் மட்டையில் பொதியும் பழைய வழக்கம் உண்டு, பிளாஸ்டிக் தாளைவிட இது பொருத்தம்.) நடுவில் குழி செய்து அரை டீஸ்பூன் ஊறுகாய். அங்கே உமேபோஷி என்ற உப்பில் ஊறிய புளிப்புப் பழம். இங்கே பொடியாக நறுக்கிய மாவடு அந்த உப்பையும் புளிப்பையும் ஓரளவு தரும். இலையோடு மூடி, ஒரு கை அடியில் தாங்க, மறு கையை மடக்கி மூலை எடுத்து, மூன்று நான்கு முறை திருப்பினால் முக்கோணம். பையன்கள் பலத்தைக் காட்டி அமுக்குவார்கள். அப்போது உள்ளே களியாகிவிடும். வெளியே நிற்க வேண்டும், உள்ளே பருக்கை தெரிய வேண்டும்.

பிடித்த உருண்டையில் சுற்றி ஒட்டுவது நோரி என்ற கடற்பாசித் தாள். அதன் முழு அளவு 19க்கு 21 செ.மீ. மூன்று செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் ஒரு தாளில் 14 துண்டு. மூன்று தாள் போதும். கடைசி நிமிடத்தில்தான் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டும், நம் ஊர் ஈரக்காற்றில் உடனே நமத்துப்போகும்.

சைவப் பிள்ளைகள் விஷயத்தில் கண்ணுக்குத் தெரியும் மீனைவிடத் தெரியாத மீன்தான் ஆபத்து. சோற்றில் தூவும் ஃபுரிகாகே பொடி, மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் உடனடி சூப், சுவையூட்டிய நோரி இவற்றில் பலவற்றில் பொனிட்டோ மீன் துருவலோ அதன் சாறோ இருக்கும். சுவை சேர்க்காத நோரி மட்டும் வாங்குங்கள். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமையும் உண்டு. எள், சோயா, கோதுமை ஒவ்வாமை உண்டா என்று மூன்று நாள் முன்பே பெற்றோரிடம் எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது சோறு கெடுவது. பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை; சோறு சாதாரண வெப்பத்தில் கிடக்கக் கிடக்கப் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் காலையில் வீட்டில் செய்து கொண்டுவரும் யோசனை வேண்டாம். பள்ளிச் சமையலறையிலேயே வேகவைத்து, ஹாட்பேக்கில் வகுப்புக்கு வந்து, அந்தப் பாடவேளைக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ‘அம்மாவுக்கு ஒன்று’ என்று டிபன் பாக்ஸில் வைப்பதை அன்று மட்டும் தடுத்துவிடுங்கள். அவரவர் பிடித்ததை அவரவர் சாப்பிடட்டும். கையில் காயமோ சளியோ இருக்கும் பிள்ளைக்கு உணவைத் தொடாத வேலை கொடுங்கள்.

பரிமாறுவதும் பாடம்தான். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு பிள்ளைகளே முறைவைத்து மதிய உணவு பரிமாறுகிறார்கள். அங்கே பள்ளி உணவின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1889இல் யாமகாதா மாகாணத்துத் த்சுருஓகா நகரம். பள்ளி உணவுச் சட்டம் 1954இல் வந்தது. இங்கே 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவைப் பக்கத்திலேயே எழுதிப்போடுங்கள். ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு ஊரிலும் பசித்த பிள்ளைகளுக்காக நடந்த காரியம் என்று சொன்னால், ‘அவர்கள் முன்னேறியவர்கள், நாம் பின்தங்கியவர்கள்’ என்ற அந்தச் சலிப்பூட்டும் ஒப்பீடு தலைதூக்காது.

மூட்டை கட்டும் துணி

ஃபுரோஷிகி என்பது பொருளைப் பொதியும் சதுரத் துணி. பிள்ளைகள் ‘இது நம்ம மூட்டைதானே மிஸ்!’ என்பார்கள். ஆம் என்று சொல்லுங்கள். 90 செ.மீ. அகலப் பருத்தித் துணியில் குறுக்கே இரண்டு 45 செ.மீ. சதுரம் கிடைக்கும். 34 துண்டுக்கு எட்டு மீட்டர் வாங்குங்கள். மீட்டர் 70 ரூபாய் என்றாலும் 560 ரூபாய்தான். ஓரம் அடிக்கத் தையல்காரருக்குத் தனி. பாலியஸ்டர் வேண்டாம், முடிச்சு வழுக்கும். கஞ்சி போகும்படி ஒருமுறை அலசிவிடுங்கள், விறைப்பான துணியில் முடிச்சு இறுகாது.

பொதியும் பொருளின் நீளம், துணியின் மூலைக்கு மூலை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 45 செ.மீ. துணிக்கு அது 21 செ.மீ. வரை, டிபன் பாக்ஸுக்குச் சரியாக இருக்கும். ஒரு மூலை தன்னைப் பார்க்கும்படி துணியை விரித்து, நடுவில் பெட்டி. கிட்டத்து மூலையை மேலே போர்த்தி அடியில் செருகி, எதிர் மூலையையும் போர்த்தி, மிஞ்சிய இரண்டு மூலைகளையும் மேலே முடிய வேண்டும்.

பாதிப் பேருக்கு முடிச்சு தப்பாகும். ஒரு மூலையில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள். முதல் சுற்றில் புள்ளி மூலை மேலே போகட்டும்; இரண்டாம் சுற்றிலும் அதே புள்ளி மூலைதான் மேலே போக வேண்டும். சரியாக விழுந்தால் இரண்டு வாலும் இடமும் வலமுமாகப் படுத்திருக்கும். தப்பினால் வால்கள் குறுக்கே திரும்பி நிற்கும், தூக்கியதும் நழுவும். சாரணர் படையில் சொல்லித்தரும் முடிச்சும் இதுதான். அவிழ்க்க நகத்தால் பிராண்ட வேண்டாம். ஒரு வாலையும் அது புறப்படும் பக்கத்துத் துணியையும் பிடித்து எதிரெதிராக நேராக இழுத்தால் முடிச்சு புரளும், அப்படியே உருவிவிடலாம். இதைச் செய்து காட்டும்போது வகுப்பே வாயைப் பிளக்கும்.

ஜப்பானில் 2020 ஜூலையிலிருந்து கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் கட்டாயக் கட்டணம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலேயே தடை, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’. இந்த இரண்டு வரியைப் பலகையில் எழுதிவிட்டு, மறுநாள் டிபன் பாக்ஸைத் துணியில் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்வது: இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும்

‘ஜப்பானில் துப்புரவுப் பணியாளரே கிடையாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. பழுது பார்க்கவும் பெரிய வேலைகளுக்கும் அங்கே பள்ளிகளில் பணியாளர் உண்டு. பிள்ளைகள் தினமும் கால் மணி நேரம் போல வகுப்பறையையும் நடையையும் குழுவாகக் கூட்டித் துடைப்பது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. பணியாளருக்கு மாற்று ஏற்பாடு என்று யாரும் அதை வைக்கவில்லை. எகிப்து 2018இல் தொடங்கிய எகிப்து-ஜப்பானியப் பள்ளிகளிலும் இந்த முறை இருக்கிறது.

நம் ஊரில் யார் கையில் துடைப்பம் கொடுக்கிறோம் என்பதற்கு வேறொரு வரலாறு உண்டு. குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்து, வழக்கு, கைது வரை போனது தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இங்கே பொருந்தும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தாமதமாக வந்தவனைக் கூட்டச் சொல்வதுகூட அந்த எல்லைக்குள் வந்துவிடலாம். உங்கள் எண்ணம் நல்லதுதான் என்றாலும், ஏற்பாடு கோணலானால் எண்ணத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

அதனால் கழிப்பறை, சாக்கடை பக்கமே போகக் கூடாது. ஜப்பானில் சில பள்ளிகளில் அதுவும் உண்டு என்றாலும் இங்கே வேண்டாம். வகுப்பறை மட்டும். வேலையைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள், பெயர் சொல்லி ஒதுக்காதீர்கள். பெண்பிள்ளைகளுக்குத் துடைப்பம், பையன்களுக்கு பெஞ்சு தூக்குவது என்று பிரிவதும் சீட்டில் போய்விடும். முதல் துடைப்பத்தை நீங்கள் எடுங்கள், பிரின்சிபாலும் வந்தால் இன்னும் நல்லது. பள்ளியின் துப்புரவுப் பணியாளரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி, எப்படிக் கூட்டினால் தூசி பறக்காது என்று அவரையே சொல்லித்தரச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர்தான் ஆசிரியர். வேண்டாம் என்கிற பெற்றோரின் பிள்ளைக்குக் கட்டாயம் இல்லை.

துடைக்கும் துணியைப் பழைய துண்டை மடித்துத் தைத்துச் செய்யலாம். பிழியும்போது கிடையாகப் பிடித்தால் தண்ணீர் முழங்கை வரை வழியும். கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பது போல நெட்டாகப் பிடித்து முறுக்கச் சொல்லுங்கள். தரை ஈரமாக இருக்கும்போது ஓட விடாதீர்கள், மொசைக் தரையில் வழுக்கும்.

கோயில் வாசலும் அந்தத் தந்தையும்

அவர் கடுமையாக எழுதியிருக்கிறார், ஆனால் கேள்வியில் சட்டப்படி நியாயம் இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை மத வழிபாட்டில் பங்கேற்க வைக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. ஷின்டோ என்று ஒன்று இருக்கிறது, அதன் கோயில் வாசல் இப்படி இருக்கும் என்று படம் காட்டுவது பாடம். வாசல் கட்டி, கைதட்டி வணங்கி, வேண்டுதல் எழுதிக் கட்டவைத்தால் அது வழிபாட்டை நடித்துக் காட்டுவதாகிவிடும். நம் கோயிலையோ மசூதியையோ வேறொரு நாட்டுப் பள்ளியில் தெர்மகோலில் செய்து விளையாடினால் நமக்கு எப்படி இருக்கும் என்பதும் இருக்கிறதே.

ஆசைச் சீட்டு எழுதும் ஆவல் இருந்தால் ஜூலை 7இல் வரும் தனபாத்தா என்ற விண்மீன் விழாவை எடுங்கள். சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன கதை அது. நெசவுக்காரியும் மாடு மேய்ப்பவனும் பால்வீதியின் இரு கரையில் பிரிந்து, ஆண்டுக்கு ஒருநாள் சந்திக்கிறார்கள். நெசவுக்காரி வேகா விண்மீன், மேய்ப்பவன் அல்டேர். நம் நட்சத்திரக் கணக்கில் வேகா அபிஜித், அல்டேர் திருவோணம். திருவோணத்தில் பிறந்த பிள்ளை வகுப்பில் ஒன்றாவது இருக்கும். முகத்தைப் பாருங்கள் அப்போது. ஜூலைத் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்கு வடகிழக்கில் வேகா, கிழக்கில் அல்டேர். மேகம் மறைத்தால் கவலை வேண்டாம், ஜப்பானிலும் அது மழைக்காலம். செண்டாய் நகரம் இந்த விழாவை ஆகஸ்டு 6 முதல் 8 வரை வைத்துக்கொள்கிறது.

பழைய காலத்தில் அந்த நாளில் நெசவிலும் எழுத்திலும் கை தேர வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அதனால் வேண்டுதலாக இல்லாமல், ‘இந்த வருடம் நான் கற்றுக்கொள்ளப்போவது’ என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு ஏ4 வண்ணத் தாளை நெடுக்கில் பாதியாக்கி, ஒவ்வொரு பாதியையும் நான்காக்கினால் எட்டுச் சீட்டு. ஐந்து தாள், ஒரு மூங்கில் கிளை, நூல். கிளையை அன்று காலையில் வெட்டுங்கள், முந்தின நாள் வெட்டினால் இலை சுருண்டுவிடும். அந்தத் தந்தைக்கு டைரியிலேயே பதில் எழுதாமல் போனில் பேசுங்கள். கோயில் வாசல் இல்லை, விண்மீன் கதையும் எழுத்து வேலையும்தான், வந்து பார்க்கலாம் என்று சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியும் மறுத்தால் அவர் பிள்ளைக்கு விண்மீன் வரைபடம் போடும் வேலை கொடுங்கள், தண்டனை போலத் தெரியாமல்.

கிமோனோ, கண், கேலி

கிமோனோ அணிவதே அவமதிப்பு என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கியோட்டோவில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கிமோனோ வாடகைக்கு விடுவதே ஒரு தொழில். நைட்டியும் துப்பட்டாவும் கட்டினால் அது கிமோனோவாக இருக்காது, கேலியாக இருக்கும் என்பதுதான் என் ஆட்சேபம். அதோடு இடப்பக்கத் துணி வலப்பக்கத்துக்கு மேலே வர வேண்டும். மாற்றிக் கட்டுவது அங்கே இறந்தவர்களுக்கு. இது தெரியாமல் 34 பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தால், அந்த ஜப்பானிய அம்மா சிரித்துக்கொண்டே சங்கடப்படுவார். அவரே யுகாதா என்ற மெல்லிய பருத்திக் கிமோனோவைக் கொண்டுவந்து காட்டினால் தொட்டுப் பார்க்கட்டும், அது போதும். சாப்ஸ்டிக் எங்காவது வந்தே தீரும் என்றால், சோற்றில் செங்குத்தாகக் குத்திவைப்பது இறுதிச் சடங்கின் வழக்கம் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

மணிப்பூர்ச் சிறுமி விஷயம்தான் உங்கள் கடிதத்திலேயே கனமானது, கடைசிப் பக்கத்தில் நான்கு வரியில் எழுதியிருக்கிறீர்கள். வேஷப் போட்டி இருந்தால் கண்ணை இழுப்பது இந்த வருடமும் வரும், ஏனென்றால் வேஷம் முகத்தைப் பார்க்கச் சொல்கிறது. வாரம் தொடங்கும் முன் அவளுடைய பெற்றோரிடம் பேசி, போன வருடம் நடந்தது பள்ளிக்குத் தெரியும், இம்முறை என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வகுப்பில் அவளை உதாரணம் காட்டாதீர்கள். முதல் நாளே பொதுவாக ஒரு விதி: ‘யாருடைய முகத்தையும் கண்ணையும் பேச்சையும் நடித்துக் காட்டக் கூடாது.’ மீறினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, அந்தப் பையனைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். எல்லோர் முன்னும் நீளமாகத் திட்டினால் அத்தனை கண்ணும் அவள் பக்கம்தான் திரும்பும்.

அந்தப் பிள்ளையும் அம்மாவும்

மகளை மேடையில் பேசவைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். ‘ஜப்பானிய மொழியில் பேசு’ என்று கேட்கப்படும் பிள்ளை, அதுவரை எல்லோரையும் போல இருந்தது, அன்றிலிருந்து காட்சிப்பொருள். அவளைத் தனியாகக் கேளுங்கள்: ‘இப்படி ஒரு வாரம் வருகிறது, நீ ஏதாவது செய்ய விரும்புகிறாயா, இல்லை எல்லோரோடும் உட்கார்ந்திருக்கவா?’ இரண்டாவதைச் சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும். வீட்டில் அவள் ஜப்பானிய மொழி பேசாமலும் இருக்கலாம்.

அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தி நாற்காலியில் உட்காரவைப்பதைவிட, சோற்றுருண்டை நாளில் ஒரு மேசை கொடுப்பது மேல். ஒரு வாரம் முன்பே சந்தித்து உங்கள் திட்டத்தைக் காட்டி, எது தவறு என்று கேளுங்கள். அரிசி, நோரி செலவை அவர் தலையில் கட்டாதீர்கள். வகுப்பில் கேள்வி கேட்கும்போது ‘ஜப்பானில் எப்படி?’ என்று வேண்டாம், ‘உங்கள் வீட்டில் எப்படி?’ என்று பிள்ளைகளைக் கேட்கப் பழக்குங்கள். புத்தாண்டுச் சூப்பில் போடும் அரிசிக் கட்டிகூடக் கிழக்கு ஜப்பானில் சதுரம், மேற்கில் வட்டம். ஒரு நாட்டுக்கே பதில் சொல்லும் பொறுப்பை ஒருவர் மேல் ஏற்றக் கூடாது.

பிரின்சிபால் கேட்கும் படம்

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர் தகவலுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்தில் எப்போதோ வாங்கிய பொதுக் கையெழுத்தை நம்பாதீர்கள். ஒவ்வாமை கேட்கும் அதே கடிதத்தில் படத்துக்கும் தனி ஒப்புதல் வரி வையுங்கள். கைகள், முடிச்சுகள், சோற்றுருண்டைகள், மூங்கில் கிளை இவற்றை மட்டும் எடுத்தால் முகமே இல்லாமல் நல்ல படம் கிடைக்கும், பிரின்சிபாலும் மறுக்க மாட்டார்.

நாள் ஒதுக்கீடு இப்படி இருக்கலாம்: திங்கள் கார்ட்டூன் பேச்சும் துணி முடிச்சும், செவ்வாய் விண்மீன் கதையும் சீட்டும், புதன் வகுப்பறை சுத்தம், வியாழன் சோறு. வெள்ளிக்குப் புதிதாக எதுவும் வைக்காதீர்கள். மிஞ்சிய கேள்விகளை எழுதி அந்த அம்மாவிடம் கொடுக்கும் நாள். வியாழனுக்கு மட்டும் அடுத்த பாடவேளையையும் கேட்டு வாங்குங்கள், கை கழுவவே பத்து நிமிடம் போகும். பாடவேளை 11.20க்கு என்றால் அரிசி 10 மணிக்கு ஊற வேண்டும், பத்தரைக்கு அடுப்பேற வேண்டும். சமையலறையில் அந்த நேரம் அடுப்பு காலியாக இருக்குமா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். துணியைத் தையல்காரரிடம் கொடுப்பதும் இப்போதே. பள்ளி திறந்த மாதம், சீருடை வேலை அவர் கையில் குவிந்திருக்கும்.